குறட்டை நின்றது, பகல் தூக்கம் நிற்கவில்லை: கேள்வி-பதில்

இந்தத் தடவை வந்த கேள்விகளில் முக்கால்வாசி ஒரே ரகம். தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வரும் நோய்க்கு, மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தொண்டையைத் திறந்து வைக்கும் சிபாப் மெஷின் வாங்கியாச்சு, குறட்டை நின்றாச்சு, வீட்டில் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குகிறார்கள், எனக்கு மட்டும் பகலில் கண் சொக்குகிறது என்று. ஒரே மூச்சில் பதில் சொல்லிவிடுகிறேன். தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்காதீர்கள். இதை முதலிலேயே சொல்கிறேன், கீழேயும் சொல்வேன்.

கே: தோல் தொழிற்சாலையில் சூப்பர்வைசர், வயது 47. ஏ.ஹெச்.ஐ. (மணிக்கு எத்தனை தடவை மூச்சு நிற்கிறது அல்லது குறைகிறது என்ற கணக்கு) 38-ல் இருந்தது, இப்போது மெஷினில் 2 காட்டுகிறது. தினமும் 4 மணி நேரம் தவறாமல் போடுகிறேன். அது போதும் என்று மெஷின் விற்றவர் சொன்னார். ஆனாலும் மதியம் உட்கார்ந்த இடத்திலேயே தலை சாய்கிறது. (ராணிப்பேட்டை)

இந்த 4 மணி நேரக் கதையைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் மெடிகேர் என்ற அரசு காப்பீடு, மெஷினுக்குத் தொடர்ந்து பணம் கொடுப்பதற்காக வைத்த விதி. 30 நாளில் 70 சதவீத ராத்திரிகளாவது, ராத்திரிக்கு 4 மணி நேரமாவது போட்டிருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் கிடையாது. காசு கொடுப்பவன் கிழித்த கோடு அது, வைத்தியத்துக்கான அளவு இல்லை. ராணிப்பேட்டையில் சொந்தக் காசில் மெஷின் வாங்கிய நீங்கள் அந்தக் கோட்டுக்குள் ஏன் நிற்கிறீர்கள்?

அடுத்தது அந்த 2. மாஸ்க் மூக்கில் இருக்கும் நேரம் மட்டும்தான் மெஷினுக்குத் தெரியும். கழற்றி வைத்த பிறகு உங்களுக்கு எத்தனை தடவை மூச்சு நின்றாலும் அதன் கணக்கில் ஏறாது. ராத்திரி 2, 3 மணிக்கு பாத்ரூம் போக எழுந்து, திரும்பி வந்து போடாமல் படுத்துவிடுவதுதான் பெரும்பாலோர் வழக்கம், உங்களுடையதும் அதுவாகத்தான் இருக்கும். கனவு வரும் ரெம் தூக்கம் ராத்திரியின் பின்பாதியில்தான் அதிகம், அப்போது தொண்டைத் தசை இன்னும் தொய்ந்துவிடுவதால் பலருக்கு மூச்சு நிற்பதும் ஆக்சிஜன் இறங்குவதும் அந்த நேரத்தில்தான் மோசம். சுலபமான பாதியில் மாஸ்க் போட்டுக்கொண்டு, கஷ்டமான பாதியில் கழற்றி வைத்திருக்கிறீர்கள். நீங்களே கணக்குப் போடுங்கள்: 7 மணி நேரத் தூக்கத்தில் 4 மணி நேரம் 2, மீதி 3 மணி நேரம் பழைய 38 என்றால் சராசரி 17 பக்கம் வரும். 15-க்கு மேல் போனால் நடுத்தர நோய். அதாவது உங்கள் நோய் குறைந்திருக்கிறது, போகவில்லை.

ஏன் கழற்றுகிறீர்கள் என்று பாருங்கள். வாய் காய்ந்தால் ஹியூமிடிஃபையரை (காற்றை ஈரமாக்கும் தண்ணீர்த் தொட்டி) கூட்டுங்கள், மூக்கடைத்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பாருங்கள், காற்று முகத்தில் அடித்தால் மாஸ்க் அளவு சரியில்லை. பாத்ரூம் போய்விட்டு வந்தால் திரும்பப் போடுங்கள், சாமி. தினமும் 6 மணி நேரத்துக்கு மேல் ஒரு மாதம் போட்டுவிட்டு அப்புறம் எழுதுங்கள். எழுதும்போது லீக், அதாவது மாஸ்க்கில் கசியும் காற்று, எவ்வளவு என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

கே: காட்பாடியிலிருந்து தினமும் ரயிலில் சென்னைக்கு வேலைக்குப் போகிறேன். படுக்க 11 மணி, எழ 4 மணி. மெஷின் முழு நேரமும் போடுகிறேன். ரயிலில் ஏறியதும் தூங்கிவிடுகிறேன்.

5 மணி நேரம் தூங்கினால் மெஷின் இல்லாதவனும்தான் ரயிலில் தூங்குவான். மெஷின் தொண்டையைத் திறந்து வைக்கும், உங்களுக்குப் பதிலாகத் தூங்காது. 9 மணிக்குப் படுங்கள்.

கே: சார், மெஷின் போட்டும் டயர்டா இருக்கு. நல்ல மாத்திரை சொல்லவும்.

வயது இல்லை, எடை இல்லை, சர்க்கரை உண்டா இல்லையா தெரியாது, எத்தனை மணி நேரம் போடுகிறீர்கள் என்று இல்லை. மாத்திரை மட்டும் வேண்டும். பகல் தூக்கத்தை அளக்க 1991-ல் வந்த எப்வொர்த் கேள்வித்தாள் என்று ஒன்று இருக்கிறது, எட்டே கேள்வி, மொத்தம் 24 மார்க். அதை நிரப்பிவிட்டு, மெஷின் ரிப்போர்ட்டையும் எடுத்துக்கொண்டு உங்கள் டாக்டரிடம் போங்கள். 10-க்கு மேல் வந்தால் பகல் தூக்கம் நிஜமாகவே அதிகம்.

கே: வயது 43, குடியாத்தம். 7 மணி நேரம் போடுகிறேன், லீக் இல்லை, ஏ.ஹெச்.ஐ. 3. படுத்தால் கெண்டைக்காலில் ஏதோ ஊருகிற மாதிரி இருக்கிறது, காலை ஆட்டிக்கொண்டே இருந்தால்தான் அடங்குகிறது. காலையில் எழுந்தால் அடித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

இப்படித்தான் கேட்க வேண்டும், அம்மா. வேண்டிய விவரம் எல்லாம் இருக்கிறது. மெஷின் தன் வேலையைச் செய்கிறது, உங்கள் தூக்கத்தைக் கலைப்பது கால். முதலில் ஃபெரிட்டின் பாருங்கள், உடம்பில் இரும்புச்சத்துச் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை அது. ஹீமோகுளோபின் நார்மல் என்று ஆய்வகத்தில் சொல்வார்கள், அதோடு திரும்பி வராதீர்கள். இந்தக் கால் தொல்லைக்கு ஃபெரிட்டின் 75-க்குக் கீழே இருந்தாலே இரும்புச்சத்து கொடுத்துப் பார்ப்போம். மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகமென்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். மாத்திரை போடும் நேரத்தில் காபி, டீ வேண்டாம், இரும்பு உடம்பில் ஒட்டாது.

கே: அப்பாவுக்கு 66 வயது, ஆரணி. சர்க்கரை, கால் எரிச்சல் உண்டு. மெஷின் ஒழுங்காகப் போட்டும் பகல் முழுக்கத் தூங்குகிறார். மாத்திரைகளின் படம் அனுப்பியிருக்கிறேன்.

படத்திலேயே பதில் இருக்கிறது. கால் எரிச்சலுக்கு ப்ரீகாபலின், அதோடு அமிட்ரிப்டிலின், தும்மலுக்கு மெடிக்கல் ஷாப்பில் அவராக வாங்கிய செட்ரிசின். மூன்றுமே தூக்கம் வரவழைப்பவை, அதுவும் இந்த வயதில். செட்ரிசினை இன்றே நிறுத்தலாம். மற்ற இரண்டையும் நீங்களாகத் திடீரென்று நிறுத்தக் கூடாது, எழுதிக் கொடுத்தவரிடம் அளவையும் நேரத்தையும் மாற்றச் சொல்லுங்கள். டிவிஎஸ் சாவியை அதுவரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

கே: எனக்குத் தூக்கம் வரவில்லை, அசதிதான். மதியம் படுத்தாலும் கண் மூடாது. (திருவண்ணாமலை)

அப்படியானால் மெஷினைக் குடையாதீர்கள். டி.எஸ்.ஹெச். (தைராய்டு பரிசோதனை), பி12, ஹீமோகுளோபின், சர்க்கரை பாருங்கள். எல்லாம் சரி, ஆனால் எதிலும் மனசு ஒட்டவில்லை, பிடித்ததெல்லாம் பிடிக்காமல் போய்விட்டது என்றால் மனநல மருத்துவரிடம் போங்கள். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

கே: வாணியம்பாடி, லாரி டிரைவர். பெங்களூரு லைனில் ராத்திரி ஓட்டம். மெஷின் இருக்கிறது, பகலில் படுக்கும்போது போடுகிறேன். மோடஃபினில் போட்டால் தூக்கம் வராதாமே?

நண்பர் கொடுத்தார் என்று வாங்கிப் போடாதீர்கள். அந்த மருந்துக்கு இடம் உண்டு. மணி நேரம், லீக், மருந்து, தைராய்டு, இரும்பு எல்லாம் பார்த்த பிறகும் சுமாராகப் பத்தில் ஒருவருக்குத் தூக்கம் மிஞ்சத்தான் செய்கிறது. அவர்களுக்காக அமெரிக்காவில் 2004-ல் இதை அனுமதித்தார்கள். ஐரோப்பாவிலோ 2010-ல் நன்மை தீமையை எடைபோட்டுப் பார்த்து, நார்கோலெப்ஸிக்கு (பகலில் அடக்க முடியாத தூக்கம் வரும் நரம்பு நோய்) மட்டும் என்று சுருக்கச் சொல்லிவிட்டார்கள். பிரஷர் ஏறலாம், தலைவலி, படபடப்பு வரலாம், அரிதாகத் தோலில் மோசமான கொப்புளம் வரும். கருத்தடை மாத்திரையின் வேலையைக் கெடுக்கும் என்பதால் பெண்களும் கவனிக்க வேண்டும். முக்கியமாக, இது மூச்சு நிற்பதைத் துளியும் சரி செய்யாது, மெஷினை விட முடியாது.

அதோடு உங்கள் பிரச்னையில் பாதி ராத்திரி ஓட்டம். விடியற்காலை 2-லிருந்து 5 வரை நோயே இல்லாத டிரைவருக்கும் கண் இழுக்கும். இழுத்தால் ஓரம் கட்டி, ஒரு காபி குடித்துவிட்டு 20 நிமிஷம் தூங்குங்கள். ஜன்னலைத் திறப்பது, பாட்டு வைப்பது எல்லாம் கதைக்கு உதவாது. பகல் ஓட்டம் கேட்டு வாங்க முடியுமா பாருங்கள். தூக்கக் கலக்கத்தோடு வண்டியை எடுக்காதீர்கள், லாரி என்றால் இரண்டு தடவை சொல்ல வேண்டும்.

கே: ஆம்பூர். தாடி வைத்திருப்பதால் மாஸ்க்கில் காற்று கசிகிறது.

தாடியை எடுக்க வேண்டாம். மூக்குத் துவாரத்தில் மட்டும் உட்காரும் நேசல் பில்லோ மாஸ்க் கேளுங்கள். வாயால் மூச்சு விடுபவர் என்றால் அது தோதுப்படாது.

கே: வேலூர், சத்துவாச்சாரி. வெயில் காலத்தில் ரெண்டு மாதம் மொட்டை மாடியில்தான் படுப்போம். மெஷின் கீழே இருக்கும். அந்த ரெண்டு மாதமும் பகலில் ஒரே தூக்கம், வெயிலாலா?

வெயில் பாதி, மெஷின் கீழே கிடப்பது மீதி. எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மாடிக்குத் தூக்கிக்கொண்டு போங்கள். கரண்ட் போனால் இன்வெர்ட்டரில் ஓடும், ஹியூமிடிஃபையர் சூட்டை மட்டும் அணைத்துவிடுங்கள், கரண்டைக் குடிப்பது அதுதான். தண்ணீர் ஊற்றுவதென்றால் டிஸ்டில்டு வாட்டர், நம்ம ஊர் போர் தண்ணீரை ஊற்றினால் தொட்டியில் உப்புப் படிந்துவிடும். காலையில் வெயில் ஏறுவதற்குள் மெஷினைக் கீழே கொண்டுவந்துவிடுங்கள்.