ஒரு படியைப் பார்த்துவிட்டுப் பதிப்பைப் பற்றிப் பேசலாமா?

பழைய அச்சுநூல் ஆய்வு, நூல்விவரணம், கட்டுரை வெளியீடு: வாசகர் கேள்விகள்

கேள்வி: ஒரே நூலின் இரண்டு படிகள் என்னிடம் உள்ளன. ஒன்றின் முகப்பில் 'இரண்டாம் பதிப்பு' என்று இருக்கிறது. உள்ளே வரிக்கு வரி ஒன்றாகவே தெரிகிறது. இது வேறு பதிப்பா, மறுஅச்சா?

பதில்: முகப்பை நம்ப வேண்டாம். அங்கே இருப்பது விற்பவர் சொல்ல நினைத்தது. அச்சுக்காக ஒருமுறை கோத்த ஈய எழுத்துகளிலிருந்து அச்சான படிகள் அத்தனையும் சேர்ந்ததே ஆய்வில் 'பதிப்பு'. அந்தக் கோப்பை, அதாவது கோத்த எழுத்துத் தொகுதியை, கலைக்காமல் வைத்திருந்து பின்னொரு நாள் ஓட்டினால் அது மறுஅச்சு. விற்காமல் கிடந்த தாள்களுக்குப் புது முகப்பு மட்டும் ஒட்டினால் புது வெளியீடு. ஓடிக்கொண்டிருக்கும்போதே அச்சை நிறுத்தி ஓர் எழுத்தைத் திருத்தினால் வேறு நிலை. இந்த நான்கையும் குழப்பிக்கொண்டு எழுதிய கட்டுரை எந்த நல்ல இதழிலும் முதல் வாசிப்பைத் தாண்டாது.

சோதனை எளிது. ஒரு முழுத்தாளை அச்சிட்டு மடித்த தொகுதி ஒரு பாரம். அதன் வரிசை காட்டப் பக்கத்தின் அடியில் பைண்டருக்காகப் போட்ட சிறு எழுத்து, அதாவது பாரக்குறி, கடைசி வரியின் எந்த எழுத்துக்கு நேர் கீழே நிற்கிறது என்று இரண்டு படியிலும் பாருங்கள். வரிக்கு வரி பார்த்துப் புதிதாகக் கோத்தவர்கூடக் குறியை அதே இடத்தில் வைக்க மாட்டார். வைக்க அவருக்குக் காரணமும் இல்லை. அடுத்து, முதல் வரியில் ஒரு முற்றுப்புள்ளியையும் கடைசி வரியில் ஓர் எழுத்தையும் ஸ்கேலால் இணையுங்கள். நடுவில் அது வெட்டும் எழுத்துகள் வேறாக இருந்தால் கோப்பு வேறு. உடைந்த எழுத்து இரண்டிலும் அதே சொல்லில், அதே இடத்தில் இருந்தால் கோப்பு ஒன்று. அதே உடைந்த எழுத்து வேறொரு பக்கத்தில் தென்பட்டால் அதற்கு இந்தக் கேள்வியில் மதிப்பில்லை. கோப்பைக் கலைத்து, எழுத்தைப் பெட்டியில் போட்டு, மறுபடி எடுத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

இரண்டு பக்கம் பார்த்துவிட்டு முடிவு சொல்வதில்தான் பலர் சறுக்குகிறார்கள். சில பாரங்களைக் கலைக்காமல் வைத்து, மற்றவற்றைப் புதிதாகக் கோத்த நூல்கள் நிறைய உண்டு. ஒவ்வொரு பாரத்தையும் தனித்தனியாகச் சோதியுங்கள். பாதிக்கு மேல் புதுக் கோப்பாக இருந்தால் புதிய பதிப்பு என்று கொள்வது வழக்கம். அச்சுப்பரப்பை அளந்து மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். அந்தக் காலத்தில் தாளை ஈரப்படுத்தி அச்சிட்டார்கள். உலரும்போது சுருங்கும், அதுவும் ஒரே அளவாகச் சுருங்காது. ஓரிரு மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு அர்த்தம் இல்லை.

கேள்வி: ஒரு நூலடைவில் 'குவார்ட்டோ, ஏ4, பி–கே4, எல்2' என்று கண்டேன். மொத்தம் 46 இதழ் (இரு பக்கம் கொண்ட ஏடு) என்று கணக்கிட்டேன். அங்கே 42 என்று போட்டிருக்கிறார்கள். யார் தவறு?

பதில்: உங்கள் கணக்கில்தான். அந்தக் குறிப்பில் எழுத்து பாரத்தைக் காட்டும், எழுத்தை அடுத்த எண் அதிலுள்ள இதழ்களைக் காட்டும். பழைய ஐரோப்பிய அச்சகங்கள் பாரக்குறிக்கு லத்தீன் நெடுங்கணக்கின் 23 எழுத்துகளையே பயன்படுத்தின. 'ஐ'யும் 'ஜே'யும் அங்கே ஒன்று, 'யு'வும் 'வி'யும் ஒன்று, 'டபிள்யு' கிடையாது. ஆகவே பி முதல் கே வரை 10 பாரம் இல்லை, 9. ஒவ்வொன்றிலும் 4 இதழ் என்றால் 36. ஏ-யின் 4, எல்-லின் 2 சேர்த்தால் 42 இதழ், 84 பக்கம். பக்க எண்ணை வைத்துச் சரிபார்க்கலாம். ஆனால் பழைய நூல்களில் பக்க எண்ணே அடிக்கடி தப்பாக இருக்கும். மோதல் வந்தால் பாரக்குறியை நம்புங்கள், பக்க எண்ணை அல்ல.

கேள்வி: குவார்ட்டோவா ஆக்டேவோவா என்று சென்டிமீட்டர் பார்த்துச் சொல்லலாமா?

பதில்: கூடாது. அவை உயரத்தின் பெயர்கள் அல்ல, முழுத்தாளை எத்தனை முறை மடித்தார்கள் என்பதன் பெயர்கள். ஒரு முறை மடித்தால் ஃபோலியோ, 2 இதழ். இரண்டு முறை குவார்ட்டோ, 4. மூன்று முறை ஆக்டேவோ, 8 இதழ், 16 பக்கம். நம் அச்சகத்தார் 'ஒரு பாரம் பதினாறு பக்கம்' என்று சொல்லும் கணக்கும் இதுவே.

கையால் செய்த தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால் சுமார் இரண்டு, இரண்டரை சென்டிமீட்டர் இடைவெளியில் கோடுகள் தெரியும். தாள் செய்த சல்லடைச் சட்டத்தின் கம்பிகள் விட்ட தடம் அது. சங்கிலிக் கோடு என்பார்கள். ஃபோலியோவில் கோடு செங்குத்தாக ஓடும், நீர்க்குறி (தாள் செய்தவர் தாளுக்குள் பதித்த அடையாளம்) இதழின் நடுவே விழும். குவார்ட்டோவில் கோடு கிடையாகும், நீர்க்குறி தையலுக்குள் பாதி மறையும். ஆக்டேவோவில் கோடு மறுபடி செங்குத்து, நீர்க்குறி தையலோரத்தின் மேல்மூலையில். பைண்டர் ஓரம் வெட்டினால் அந்த மூலைக் குறியில் ஒரு பகுதி போயிருக்கும். அதை 'நீர்க்குறி இல்லை' என்று எழுதிவிடாதீர்கள். நெசவுக் கம்பிவலையில் செய்த வழவழப்பான தாளில் சங்கிலிக் கோடே இருக்காது. 1757இல் பர்மிங்ஹாமில் அச்சாளர் பாஸ்கர்வில் அச்சிட்ட வர்ஜில் கவிதை நூலில் அந்தத் தாள் வந்தது. பிறகு மெல்ல மெல்லப் பரவியது. அங்கே பாரக்குறியும் தையலும்தான் கை கொடுக்கும்.

கேள்வி: முகப்பில் போட்ட ஆண்டே பொய் என்றால் எப்படி நிறுவுவது? எப்படிக் குறிப்பிடுவது?

பதில்: தாளை வைத்து நிறுவலாம். இதற்குப் பெயர்போன எடுத்துக்காட்டு ஷேக்ஸ்பியர் பெயரில் 1619இல் லண்டனில் அச்சான பத்து நாடகங்கள். சிலவற்றின் முகப்பில் 1600 என்றும் சிலவற்றில் 1608 என்றும் இருந்தது. 1908இல் ஆங்கில நூலாய்வாளர் டபிள்யு. டபிள்யு. கிரெக் அவற்றின் நீர்க்குறிகளை வரிசைப்படுத்தினார். 1600 என்று சொன்ன நூலிலும் 1619 என்று சொன்ன நூலிலும் ஒரே தாள் இருப்பு கலந்து வந்தது. பல வகைத் தாள் கலந்த அதே குவியலைப் பத்தொன்பது ஆண்டு எடுத்துவைத்து யாரும் அச்சிட மாட்டார்கள். முகப்பின் ஆண்டுக்கு எதிரான பெரிய சான்று அது.

தாளின் கூழும் பேசும். 1934இல் நூலாய்வாளர்கள் கார்ட்டரும் பொல்லார்டும் 1847 என்று முகப்பிட்ட ஒரு கவிதைச் சிறுநூலில் வேதிமுறையில் பிரித்த மரக்கூழைக் கண்டார்கள். 1847இல் அந்தக் கூழ் வழக்கத்திலேயே இல்லை. இப்படிப் பல போலிகள் அம்பலமாயின.

குறிப்பிடும்போது முகப்பிலுள்ளதை அப்படியே எழுதி, உண்மை ஆண்டைச் சதுர அடைப்பில் தாருங்கள்: 1600 [1619]. முகப்பைத் திருத்தி எழுதுவது ஆதாரத்தை அழிப்பது.

கேள்வி: இணையத்தில் ஸ்கேன் கிடைக்கும்போது நூலகம் போக வேண்டுமா?

பதில்: பாடம் படிக்க ஸ்கேன் போதும். தாள், தையல், ஒட்டிய இதழ், ஓரம் எதுவும் அதில் தெரியாது. இரண்டு படிகளின் பக்கங்களைச் சேர்த்து ஒன்றாக்கிய ஸ்கேன்களும் உண்டு.

கேள்வி: ஆய்விதழுக்குக் கட்டுரை அனுப்பப் போகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

பதில்: முதலில் இதழைத் தேர்ந்தெடுங்கள். அச்சு, தாள், பதிப்பு வரிசை பற்றியது என்றால் லண்டன் பிப்ளியோகிராபிகல் சொசைட்டியின் (நூல்விவரணச் சங்கம்) 'தி லைப்ரரி', அமெரிக்க பிப்ளியோகிராபிகல் சொசைட்டியின் 'பேப்பர்ஸ்' போன்றவை பொருந்தும். வாசகர், விற்பனை, பதிப்பகம் பற்றியது என்றால் 1998இல் தொடங்கிய 'புக் ஹிஸ்டரி' போன்ற இதழ்கள். நீர்க்குறிக் கட்டுரையைப் பின்னதற்கு அனுப்பினால் நன்றி சொல்லித் திருப்புவார்கள். ஒரே நேரத்தில் ஓர் இதழுக்கு மட்டும் அனுப்புங்கள்.

கட்டுரையில் நீங்கள் பார்த்த ஒவ்வொரு படியையும் நூலகப் பெயர், அடுக்கு எண்ணுடன் பட்டியலிடுங்கள். நேரில் பார்த்தது எது, ஸ்கேனில் பார்த்தது எது, பிறர் சொல்லக் கேட்டது எது என்று பிரித்துக் காட்டுங்கள். இதை ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறோம் என்றால், கையச்சுக் காலத்தில் திருத்தாத தாளைத் தூக்கி எறியவில்லை; திருத்தியதோடு கலந்து தைத்தார்கள். ஒரே பதிப்பின் இரண்டு படிகள் சொல்லுக்குச் சொல் ஒன்றாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது. வாஷிங்டனில் ஃபோல்ஜர் நூலகத்தில் 1623ஆம் ஆண்டு ஷேக்ஸ்பியர் நாடகத் தொகுப்பான ஃபோலியோவின் 82 படிகள் உள்ளன. ஆய்வாளர் சார்ல்டன் ஹின்மன் அவற்றில் ஐம்பதுக்கு மேற்பட்டவற்றைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். இரண்டு பக்கங்களை மாற்றி மாற்றிக் காட்டும் கருவி ஒன்றை அதற்காகவே செய்தார். வித்தியாசம் உள்ள இடம் அதில் துடிக்கும். உங்களிடம் கருவி வேண்டாம், ஆனால் மூன்று படியாவது பாருங்கள். ஒன்றே கிடைத்தால் 'இந்தப் படியில்' என்று எழுதுங்கள், 'இந்தப் பதிப்பில்' என்று எழுதாதீர்கள்.

படங்களுக்கு நூலகத்தின் அனுமதியைக் கட்டுரை ஏற்கப்படும் முன்பே கேட்டு வையுங்கள். பதில் வர மாதங்கள் ஆகலாம். புகைப்படம் அச்சளவில் அங்குலத்துக்கு 300 புள்ளி, கோட்டு வரைபடம் 600க்குக் குறையாமல் இருக்கட்டும். படத்தில் ஓர் அளவுகோல் தெரிய வேண்டும். அது இல்லாத நீர்க்குறிப் படத்தை வேறு எதனோடும் ஒப்பிட முடியாது.