ஸ்பானிஷ் படிக்க லத்தீன் தெரிந்திருக்க வேண்டுமா?

வணக்கம் அம்மா. பிளஸ் டூ அறிவியல் படிக்கும் உங்கள் மகள் ஸ்பானிஷ் படிக்க ஆசைப்படுவதாகவும், "அதற்கு முதலில் லத்தீன் தெரிய வேண்டும்" என்று யாரோ பயமுறுத்திவிட்டதாகவும் எழுதியிருந்தீர்கள். தேவையில்லை. லத்தீன் வேற்றுமைகளை மனப்பாடம் செய்து ஒரு வருடம் போனால், ஸ்பானிஷில் காபி கேட்கக்கூட வராது.

ஆனால் ஸ்பானிஷ் லத்தீனிலிருந்து பிறந்த மொழி என்பதால், சொற்களின் லத்தீன் வேர் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது. அதில் ஒரு பகுதி தனிம வரிசை அட்டவணையிலேயே அவளுக்குக் கிடைத்திருக்கிறது. இரும்புக்கு லத்தீனில் ஃபெர்ரம் (அதன் குறியீடு Fe இதிலிருந்துதான்), ஸ்பானிஷில் இயெர்ரோ. தங்கம் ஆரம், அங்கே ஓரோ. ஈயம் பிளம்பம், அங்கே ப்ளோமோ. வெள்ளி மட்டும் ஏமாற்றும். அர்ஜென்டம் அர்ஜென்டினாவின் பெயரில் இருக்கிறது, ஆனால் பேச்சில் வெள்ளிக்கு பிளாட்டா என்பார்கள்.

இயெர்ரோவில் 'ஃப' எங்கே போனது என்று அவள் கேட்கட்டும். லத்தீனில் சொல்லின் முதலில் வந்த 'எஃப்' ஸ்பானிஷில் பல இடங்களில் 'எச்' ஆகி, பிறகு அந்த ஒலியும் மறைந்து எழுத்து மட்டும் மிஞ்சியது. அப்படித்தான் ஃபரீனா (மாவு) அரீனா ஆனது, ஃபீலியுஸ் (மகன்) இஹோ ஆனது. இன்னொன்று: 'க்ட்' வந்த இடத்தில் 'ச்ச்' ஒலி. ஒக்டோ (எட்டு) ஓச்சோ, நோக்டெம் (இரவு) நோச்சே, லாக்டெம் (பால்) லேச்சே. லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) தெரிந்த பெண்ணுக்கு லேச்சே மறக்காது.

எல்லாச் சொல்லுக்கும் இதைப் பொருத்திப் பார்க்கக் கூடாது. நெருப்புக்கான ஃபுவேகோவில் 'எஃப்' அப்படியே நிற்கிறது. அசெய்தே (எண்ணெய்), அசூகார் (சர்க்கரை) இரண்டும் அரபியிலிருந்து வந்தவை. அசூகாரைப் பின்தொடர்ந்து போனால் சமஸ்கிருத 'சர்க்கரா'வில், அதாவது நம் சர்க்கரையிடமே வந்து நிற்போம்!

சரி, வேலை விஷயம். சொல் வரலாற்றைப் பார்த்து யாரும் வேலை தர மாட்டார்கள், சான்றிதழைப் பார்ப்பார்கள். ஸ்பானிஷ் மொழியைப் பரப்பும் ஸ்பெயின் அரசின் செர்வாந்தஸ் நிறுவனம் நடத்தும் 'டெலே' என்ற ஸ்பானிஷ் மொழித் தேர்வு, தொடக்க நிலையான ஏ1 முதல் மிக உயர்ந்த சி2 வரை ஆறு நிலைகள் கொண்டது. வேலைக்கு பி2 வரையாவது போகச் சொல்வேன். அந்தச் சான்றிதழ் காலாவதியாகாது. மொழியையே பட்டமாகப் படிக்க நினைத்தால் டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகத்தில் (ஜே.என்.யு.) பி.ஏ. ஸ்பானிஷ் இருக்கிறது, க்யூட் (பல்கலைக்கழகப் பொது நுழைவுத் தேர்வு) எழுத வேண்டும். என்னைக் கேட்டால், அறிவியலில் ஆர்வம் குறையாதவரை அறிவியல் பட்டத்தையே படித்துக்கொண்டு கூடவே ஸ்பானிஷும் கற்கட்டும். பொதுத்தேர்வு முடிந்ததும் ஏ1 வகுப்பில் சேர்த்துவிடுங்கள். அதற்கு முன் வேண்டாம்.