லொகேஷனைத் தொட்டால் விளம்பரம் ஓடுகிறதா? அந்த ஆப்பை முதலில் நீக்குங்கள்

கேள்வி: கோபிசெட்டிபாளையத்தில் கல்யாணச் சமையல் கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறேன். பாத்திரமும் மளிகையும் சின்ன லோடு வண்டியில் போகும். மண்டபம் எங்கே என்று கேட்டால் எல்லோரும் வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பிவிடுகிறார்கள். அதைத் தொட்டு வழி கேட்டால் என் ஆண்ட்ராய்டு போனில் ஏதோ ஒரு ‘ஜிபிஎஸ் நேவிகேஷன்’ ஆப் திறக்கிறது. விளம்பரம் ஓடி முடிந்த பிறகுதான் வழி வருகிறது. போன் வாங்கிய கடையில் 300 ரூபாய் வாங்கிக்கொண்டு போட்டுக் கொடுத்த ஆப் அது. கூகுள் மேப்ஸ், மேப்பிள்ஸ் இரண்டும்கூட போனில் இருக்கின்றன. எதை நிலையாக வைப்பது, எப்படி மாற்றுவது? மகளிடம் ஐபோன் இருக்கிறது. அதிலும் இதே முறைதானா?

பதில்: உங்கள் தொழிலுக்குக் கூகுள் மேப்ஸை நிலையாக வையுங்கள். இந்திய நிறுவனத்தின் மேப் ஆப்பான மேப்பிள்ஸையும் நீக்க வேண்டாம், துணைக்கு இருக்கட்டும். கடைக்காரர் போட்டுக் கொடுத்ததை மட்டும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள்.

முதலில் அந்த 300 ரூபாயைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஜிபிஎஸ் என்பது கடையில் ‘போட்டுத் தரும்’ பொருள் இல்லை. செயற்கைக்கோள் சிக்னலை வாங்கும் சிப் போனுக்குள்ளேயே இருக்கிறது, அதன் விலையைப் போன் வாங்கும்போதே கொடுத்துவிட்டீர்கள். கூகுள் மேப்ஸும் உங்கள் போனில் கடைக்கு வரும் முன்பே இருந்தது. அப்படியானால் அவர் எதற்குக் காசு வாங்கினார்? ஒன்றும் இல்லாததற்கு. போன் பழக்கமில்லாதவர்களிடம், வயதானவர்களிடம் இது தினமும் நடக்கிறது. ‘மேப் ஆக்டிவேஷன்’, ‘ஜிபிஎஸ் சர்வீஸ்’, ‘மேப் அப்டேட்’ என்று பெயர்தான் மாறும். வண்டிக்கு ஆண்ட்ராய்டு ஸ்டீரியோ மாட்டும் கடைகளிலும் வருடத்துக்கு ஒருமுறை ‘மேப் அப்டேட் சார்ஜ்’ என்று கேட்பவர்கள் உண்டு. கூகுள் மேப்ஸும் மேப்பிள்ஸும் இலவசம், புதுப்பிப்பும் இலவசம். போனை வண்டித் திரையோடு இணைக்கும் ஆண்ட்ராய்டு ஆட்டோவும் இலவசம். மேப்புக்கு என்று யார் காசு கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

அடுத்து, அந்த ஆப். இந்த வகை ஆப்களில் பெரும்பாலானவற்றுக்குச் சொந்தமாக வரைபடமே கிடையாது. 2019-ல் ஈசெட் என்ற பாதுகாப்பு நிறுவனத்தின் ஆய்வாளர் ஒருவர், பிளே ஸ்டோரில் இருந்த 15-க்கும் மேற்பட்ட இத்தகைய ‘ஜிபிஎஸ்’ ஆப்களைச் சோதித்துப் பார்த்தார். மொத்தமாக 5 கோடி தடவைக்கு மேல் இறக்கப்பட்டவை அவை. எல்லாமே கூகுளின் வரைபடத்தைத் திறந்து காட்டி, இடையில் விளம்பரம் ஓட்டிக் காசு பார்த்தவை. அதாவது நீங்கள் இப்போதும் கூகுள் மேப்ஸில்தான் போய்க்கொண்டிருக்கிறீர்கள், நடுவில் ஒருவர் நின்று வசூல் செய்கிறார். இவ்வளவு பெரிய கடையை நடத்துகிற கூகுள், தன் வரைபடத்துக்கே முகமூடி போட்டு விற்பவர்களை வாசலில் நிறுத்த முடியாதா? முடியும். புகார் வந்தால் நீக்குகிறார்கள், வேறு பெயரில் திரும்பி வருகிறது. அதற்குள் நம் ஆட்களின் போனில் ஏறிவிடுகிறது.

சரி, எப்படி மாற்றுவது?

ஆண்ட்ராய்டு போனில் பிரவுசருக்கும் எஸ்எம்எஸ்-க்கும் ‘டிஃபால்ட் ஆப்ஸ்’ என்று ஒரு பட்டியல் இருக்கும். மேப்புக்கு அந்தப் பட்டியலில் இடம் இல்லை. அங்கே தேடித் தேடிக் களைத்துப்போய்த்தான் பலர் கடைக்குப் போகிறார்கள். மாற்ற வேண்டிய இடம் வேறு. செட்டிங்ஸில் ‘ஆப்ஸ்’ என்பதற்குள் போய், தொல்லை கொடுக்கும் ஆப்பின் பெயரைத் தொடுங்கள். ‘ஓப்பன் பை டிஃபால்ட்’ என்று ஒன்று இருக்கும், சாம்சங் போனில் ‘செட் ஆஸ் டிஃபால்ட்’ என்று இருக்கும். அதற்குள் ‘கிளியர் டிஃபால்ட்ஸ்’ என்பதை அழுத்துங்கள். உங்கள் விஷயத்தில் இதுகூட வேண்டாம். அந்த ஆப்பை ‘அன்இன்ஸ்டால்’ செய்தாலே அது பிடித்து வைத்திருந்த இடம் காலியாகிவிடும். நீக்குவதற்கு முன் ஒன்று: அதற்குள் மாதச் சந்தா ஏதாவது ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும். அதைக் கடைசியில் சொல்கிறேன், அங்கிருந்து தொடங்குங்கள்.

நீக்கிய பிறகு வாட்ஸ்அப்பில் ஒரு லொகேஷனைத் தொட்டு வழி கேளுங்கள். எந்த ஆப்பில் திறக்கட்டும் என்று போன் கேட்கும். கூகுள் மேப்ஸைத் தொட்டு ‘ஆல்வேஸ்’ என்பதை அழுத்துங்கள். ‘ஜஸ்ட் ஒன்ஸ்’ அழுத்தினால் அடுத்த முறையும் கேட்கும். அந்தப் பட்டியலில் டாக்சி ஆப்களும் வரிசையாக நிற்கலாம், அவசரத்தில் அவற்றின்மேல் கை பட்டு ‘ஆல்வேஸ்’ ஆகிவிடக் கூடாது. ஆகிவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை, மேலே சொன்ன ‘கிளியர் டிஃபால்ட்ஸ்’ அதற்கும் பொருந்தும்.

ஒரு விஷயத்தைத் தெரிந்துகொண்டால் குழப்பம் பாதியாகக் குறையும். வாட்ஸ்அப்பின் லொகேஷன் வேறு, நீல எழுத்தில் வரும் மேப் லிங்க் வேறு. லொகேஷன் பொதுவானது, நீங்கள் நிலையாக வைத்த ஆப்பில் திறக்கும். லிங்க் அப்படி இல்லை. கூகுள் லிங்க் கூகுள் மேப்ஸுக்குத்தான் போகும், மேப்பிள்ஸ் லிங்க் மேப்பிள்ஸுக்குத்தான் போகும். கல்யாண வீட்டார் உங்களுக்கு அனுப்பும் லிங்குகளில் ஏறக்குறைய எல்லாம் கூகுளுடையதாகத்தான் இருக்கும். கூகுள் மேப்ஸையே வையுங்கள் என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான். இரண்டாவது காரணம் நெரிசல். சாலையில் போகும் போன்கள் எவ்வளவு வேகமாக நகர்கின்றன என்பதை வைத்துத்தான் கூகுள் சிவப்புக்கோடு போடுகிறது. அதிகம் பேர் வைத்திருக்கும் ஆப்புக்கு நெரிசல் முதலில் தெரிகிறது, அவ்வளவுதான்.

மேப்பிள்ஸைக் குறைத்துச் சொல்லவில்லை. அதன் பின்னால் இருக்கும் மேப்மைஇந்தியா 1995-லிருந்து நம் நாட்டை வரைபடமாக்கிவரும் நிறுவனம். வேகத்தடை, பள்ளம் வருகிறது என்று முன்கூட்டியே சொல்லும். பெரிய சந்திப்புகளில் எந்தப் பக்கம் ஏற வேண்டும் என்பதைப் படமாகவே காட்டும். சாம்பார் அண்டாவோடு போகிற வண்டிக்கு வேகத்தடை எங்கே என்று தெரிவது சின்ன விஷயமில்லை. புது ஊருக்குக் கிளம்பும் முன் இரண்டிலும் ஒருமுறை வழியைப் பாருங்கள். இரண்டும் ஒரே பாதையைச் சொன்னால் தைரியமாகப் போகலாம். வேறு வேறாகச் சொன்னால், மண்டபத்து மேனேஜருக்குப் போன் போடுங்கள்.

ஐபோனுக்கு வருகிறேன். ஐபோனை இயக்கும் மென்பொருளான ஐஓஎஸ்-ன் 18.4 பதிப்பில், 2025-ல், நிலையான வழிகாட்டி ஆப்பை மாற்றும் வசதி வந்தது. ஆனால் ஆப்பிள் நிறுவனத்தார் அப்போது அதை ஐரோப்பிய ஒன்றிய நாடுகளுக்குத்தான் கொடுத்தார்கள். அங்கே டிஜிட்டல் சந்தைச் சட்டம் கழுத்தைப் பிடித்ததால் கொடுத்தார்கள். இங்கே உங்கள் மகள் எத்தனை தேடினாலும் அந்த செட்டிங் கிடைக்காது. கூகுள் மேப்ஸை இன்ஸ்டால் செய்துகொள்ளட்டும், எந்த மேப்பில் திறக்க என்று வாட்ஸ்அப் கேட்கும்போது அதைத் தேர்ந்தெடுக்கட்டும். அதே போன், அதே விலை, ஐரோப்பாக்காரருக்குக் கிடைக்கும் உரிமை நமக்கு இல்லை. 2022 அக்டோபரில் இந்தியப் போட்டி ஆணையம், ஆண்ட்ராய்டு போன்களில் தன் ஆதிக்கத்தைத் தவறாகப் பயன்படுத்தியதாகக் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. அபராதம் சரி. கோபியில் இருக்கும் ஒருவர் தன் போனில் மேப்பை மாற்ற இன்னும் செட்டிங்ஸின் அடியாழம் வரை போக வேண்டியிருக்கிறதே, அதை யார் கேட்பது?

இனி நீங்கள் கேட்காத ஒன்று. உங்களிடம் இருப்பது லோடு வண்டி என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கூகுள் மேப்ஸ் கடைசியாக எந்த வாகனத்துக்கு வழி காட்டியதோ அதையே நினைவில் வைத்திருக்கும். வீட்டில் யாராவது பைக்குக்கு வழி பார்த்திருந்தால், அடுத்த நாள் உங்கள் வண்டிக்கும் பைக் வழியைத்தான் காட்டும். இந்தியாவில் 2017 டிசம்பரில் வந்த அந்த இருசக்கர வாகன வசதி பைக்குக்கு நல்லது. லோடு வண்டியைச் சந்துக்குள் கொண்டுபோய்ச் செருகிவிடும். ஒவ்வொரு முறையும் ‘ஸ்டார்ட்’ அழுத்தும் முன் மேலே கார் படம் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். கார் படத்தை வைத்தாலும் முழு நிம்மதி இல்லை. குறுகிய சாலைகளைத் தவிர்க்கும் வசதியை 2024-ல் எட்டு நகரங்களில் தொடங்கினார்கள். அதில் சென்னையும் கோவையும் உண்டு. நீங்கள் போவதோ அந்தியூர், பவானி, சத்தியமங்கலம் பக்கம். அங்கெல்லாம் அந்த வசதியை நம்பிக் கிளம்பாதீர்கள். 2024 ஜனவரியில் நீலகிரி மாவட்டம் கூடலூரில் மேப்பைப் பார்த்து வந்த சுற்றுலாப் பயணிகளின் கார் படிக்கட்டில் இறங்கி மாட்டிக்கொண்டது. அது கார். உங்கள் வண்டியில் ஐந்நூறு பேருக்கான சாப்பாட்டுச் சாமான் இருக்கும்.

அதைவிட முக்கியமானது உயரம். உங்கள் வண்டி எவ்வளவு உயரம், மேலே கட்டிய பாத்திரம் எவ்வளவு உயரம் என்று மேப்புக்குத் தெரியாது. ரயில்வே சுரங்கப்பாதைக்கு முன்னால் குறுக்கே இரும்புக் கம்பி கட்டியிருப்பார்களே, அதையும் கணக்கில் எடுக்காது. ‘நாலு நிமிடம் மிச்சம்’ என்று அந்த வழியைத்தான் காட்டும். கம்பியில் முட்டி நின்று, பின்னால் வண்டிகள் ஹாரன் அடிக்க, ரிவர்ஸ் எடுத்து வருவதற்குள் முகூர்த்தமே முடிந்துவிடும். மழைக்காலத்தில் விஷயம் இன்னும் மோசம். சுரங்கப்பாதையில் தண்ணீர் நிற்கிறதா, தரைப்பாலம் மூழ்கிவிட்டதா என்பதை உள்ளூர்க்காரர் சொல்லலாம், மேப்புக்குப் பெரும்பாலும் தாமதமாகத்தான் தெரியும். 2021 செப்டம்பரில் புதுக்கோட்டை மாவட்டம் துடையூரில் ரயில்வே சுரங்கப்பாதையில் தேங்கிய மழைநீரில் கார் மூழ்கி ஒரு பெண் மருத்துவர் உயிரிழந்தார். 2023 அக்டோபரில் கொச்சி அருகே கோதுருத்தில் மழை இரவில் கார் ஆற்றுக்குள் போய் இரண்டு இளம் மருத்துவர்கள் இறந்தார்கள், மேப் பார்த்துத்தான் வந்தார்கள் என்று உடன் வந்தவர்கள் சொன்னதாகச் செய்தி வந்தது. 2024 நவம்பரில் உத்தரப் பிரதேசத்தில் ராம்கங்கா ஆற்றின்மேல் பாதியில் நின்ற பாலத்திலிருந்து கார் விழுந்து மூன்று பேர் இறந்தார்கள். அந்த வழக்கில் பொதுப்பணித் துறைப் பொறியாளர்களோடு கூகுள் மேப்ஸ் அதிகாரி ஒருவர் மீதும் வழக்குப் பதிந்தார்கள்.

மேப் மீது பழி போடுவது எளிது. பாலத்தை மூடியவர்கள் குறுக்கே ஒரு கல்லையாவது வைத்திருக்க வேண்டாமா? சாலையை அடைக்கும் துறை, அடைத்ததை மேப் நிறுவனங்களுக்குச் சொல்லும் கடமை தனக்கு இருக்கிறது என்று நினைப்பதே இல்லை. நெடுஞ்சாலைத் துறை ஒன்று, ரயில்வே ஒன்று, உள்ளாட்சி ஒன்று என்று ஆளுக்கொரு பக்கம் தோண்டுகிறார்கள். எந்தப் பாதை இன்று மூடியிருக்கிறது என்று ஒரே இடத்தில் பார்க்கும் வசதி உங்களுக்கும் எனக்கும் கிடைப்பதில்லை. அதுவரை இதைச் செய்யுங்கள்: மழை நாளில், தெரியாத ஊரில், சுரங்கப்பாதையோ தரைப்பாலமோ குறுக்கிட்டால் வண்டியை நிறுத்தி, பக்கத்து டீக்கடையில் கேட்டுவிட்டு இறங்குங்கள். பாதை முழுவதையும் கிளம்பும் முன்பே ஒருமுறை பெரிதாக்கிப் பார்த்தால், தண்டவாளத்தைக் கடக்கும் இடங்கள் தெரிந்துவிடும். மேம்பாலம் வழியாகப் போகிற மாற்றுப் பாதையை அப்போதே தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

அப்புறம், லொகேஷன் அனுப்பச் சொல்லும்போது “மண்டபத்து வாசலில் நின்று அனுப்புங்கள், இல்லையென்றால் மண்டபத்தின் பெயரைத் தேடி அனுப்புங்கள்” என்று கேளுங்கள். பலர் வீட்டுச் சோபாவில் உட்கார்ந்துகொண்டு ‘கரண்ட் லொகேஷன்’ அனுப்பிவிடுகிறார்கள். நீங்கள் மாப்பிள்ளை வீட்டு வாசலில் போய் நிற்பீர்கள்.

மலைப்பக்கம் போகும் நாளில் அந்தப் பகுதியை முன்னாடியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள். சிக்னல் இல்லாவிட்டாலும் வழி சொல்லும், நெரிசல் மட்டும் காட்டாது. குரலைத் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். போனைக் கையில் பிடிக்காமல் டேஷ்போர்டில் ஹோல்டரில் வையுங்கள். 2020 அக்டோபர் முதல் விதிப்படி வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், கவனம் சிதறாதபடி. கையில் பிடித்து ஓட்டினால் அபராதம் கேட்கும்போது மேப் பார்த்தேன் என்பது எடுபடுவது கஷ்டம்.

இப்போது அந்தச் சந்தா விஷயம். ஆப்பை நீக்கினால் சந்தா தானாக நிற்காது, இது பலருக்குத் தெரியாது. பிளே ஸ்டோரைத் திறந்து, வலது மேல் மூலையில் இருக்கும் உங்கள் படத்தைத் தொட்டு, ‘பேமென்ட்ஸ் அண்ட் சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ என்பதற்குள் ‘சப்ஸ்கிரிப்ஷன்ஸ்’ பாருங்கள். அந்த ஆப்பின் பெயர் இருந்தால் ‘கேன்சல்’ செய்யுங்கள். உங்கள் யுபிஐ ஆப்பிலும் ‘ஆட்டோபே’ பகுதியைப் பாருங்கள், அங்கே தெரியாத பெயர் ஏதாவது இருந்தால் அதையும் நிறுத்துங்கள். இரண்டும் சுத்தமான பிறகு ஆப்பை நீக்குங்கள். பிளே ஸ்டோரில் இல்லாமல், வாட்ஸ்அப்பில் வந்த ஏபிகே ஃபைலாக (ஆப்பை நேரடியாக ஏற்றும் ஃபைல்) கடைக்காரர் அதை ஏற்றியிருந்தால் இன்னும் கவனம் வேண்டும். நீக்கிவிட்டு, பேங்க் ஆப்பின் பின் நம்பரை மாற்றுங்கள், கணக்கிலிருந்து உங்களுக்குத் தெரியாமல் பணம் எடுக்கப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே போன் செய்யுங்கள்.