புது வண்டிக்கு பிபிஎஃப் ஒட்டலாமுங்களா? வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா வணக்கமுங்க. நூல் யாவாரம் பண்றேன், வாரத்துல அஞ்சு நாளு பெருந்துறைல இருந்து கோயமுத்தூர் போயிட்டு வரோணும். கருப்பு கலர்ல எஸ்யூவி ஒண்ணு புக் பண்ணிருக்கேன், ஆன்ரோடு 18 லட்சம் வருது. டெலிவரிக்கு முன்னாடியே பிபிஎஃப் ஒட்டிக்கோங்க, முழு வண்டிக்கும் 1,10,000 ரூபாய்னு ஷோரூம்ல புடியா புடிக்கறாங்க. எங்கப்பா, அந்தக் காசுல தோட்டத்துக்கு சொட்டுநீர் போட்டுரலாம், வண்டிக்கு எதுக்குடா சட்டைங்கறாரு. ஒட்டலாமுங்களா, வேண்டாமுங்களா?
வாசகர், பெருந்துறை

பதில்: உங்கப்பா சொன்னதுல பாதி சரிங்க தம்பி. மீதி பாதி நீங்க ஓட்டற ரோட்டைப் பொறுத்தது.

முதல்ல அது என்ன சாமான்னு பாத்துக்கலாம். பிபிஎஃப்ங்கறது பெயின்ட் புரொடெக்‌ஷன் ஃபிலிம், பெயின்ட்டைக் காப்பாத்த மேல ஒட்டற கண்ணாடி மாதிரி தெரியற பாலியூரித்தேன் ஃபிலிம். 1960கள்ல வியட்நாம் சண்டை நடந்தப்ப ஹெலிகாப்டர் எறக்கைல மண்ணும் கல்லும் அடிச்சு தேயாம இருக்க ஒட்டின டேப்புல இருந்து வந்ததுதான் இன்னிக்கு உங்க ஷோரூம் மேசைக்கு வந்து நிக்குது. கம்பெனி பெயின்ட் எல்லா கோட்டும் சேத்து சுமாரா 100ல இருந்து 140 மைக்ரான் (ஒரு மில்லிமீட்டர்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு மைக்ரான்) இருக்கும், ஃபிலிம் மட்டுமே 150ல இருந்து 200 மைக்ரான். அதாவது பெயின்ட்டை விட மேல ஒட்டற தோலு தடிமன். அதனாலதான் கல்லு வந்து அடிச்சா அடியை அது வாங்கிக்குது. செராமிக் கோட்டிங் அப்படி இல்லீங்க, அது பெயின்ட் மேல தடவற திரவப் பூச்சு, சில மைக்ரான்தான், தண்ணி நிக்காம வழுக்கி ஓடும், கழுவ சுலபம், பளபளப்பு இருக்கும், ஆனா கல்லுக்கு அதால ஒண்ணும் ஆகாது. ரெண்டையும் ஒரே மூச்சுல சொல்லி கொழப்பிவிடற சேல்ஸ் பசங்க நெறைய, கவனம்.

இப்ப உங்க ரோட்டுக்கு வருவோம். செங்கப்பள்ளி தாண்டி ஆறுவழிச்சாலை ஆரம்பிச்சதும் எல்லாருக்கும் காலு கனத்துப் போயிருது, 100க்கு கொறையறதே இல்ல, முன்னாடி ஜல்லியும் எம்சாண்டும் ஏத்தின டிப்பரு தார்ப்பாய் பாதி மூடி பாதி மூடாம போய்ட்டிருக்கும், டயர் இடுக்குல மாட்டின கல்லு ஒண்ணு தெறிச்சு வந்து டிக்குனு அடிக்கும் பாருங்க, அந்த சத்தம் கேட்டா நமக்கு பல்லு கூசும். அது எங்க அடிக்கும்? பம்பர்ல, பானெட்டோட முன்னாடி ஒரு ஒண்ணரை அடில, சைடு மிர்ரர் முதுகுல, முன்சக்கரத்துக்கு பின்னாடி கதவோட கீழ்ப்பக்கத்துல. கூரைல அடிக்காது, டிக்கி கதவுல அடிக்காது. ஆனா 1,10,000ல பெரும்பகுதி அந்த அடிபடாத எடத்துக்குத்தான் போகுது.

ஒரு வேலை பண்ணுங்க. இப்ப ஓட்டிட்டிருக்கற பழைய வண்டியக் கழுவி, காலைல வெயில் சாய்வா விழறப்ப பானெட் முன்னாடி குத்தவெச்சு உக்காந்து புள்ளிய எண்ணுங்க. உங்க ரோடு உங்க வண்டில எழுதி வெச்ச கணக்கு அது, எந்த சேல்ஸ் பையனும் அதை விட சரியா சொல்ல முடியாது. அஞ்சாறு புள்ளிதான்னா உங்கப்பா பேச்சைக் கேளுங்க, சொட்டுநீரே போடுங்க. முப்பது நாப்பதுன்னு இருந்தா முன்பக்கத்துக்கு மட்டும் ஒட்டுங்க: பம்பர், முழு பானெட், ரெண்டு ஃபெண்டர், மிர்ரர், ஹெட்லைட். ஹெட்லைட்டை விட்றாதீங்க, அது கண்ணாடி இல்ல, பாலிகார்பனேட், நம்மூரு வெயிலுக்கு நாளாவட்டத்துல மஞ்சளா மங்கிப் போகும். அதோட கதவு கைப்பிடிக்கு உள்ள நகம் படற குழி, டிக்கில பெட்டி ஏத்தி எறக்கற விளிம்பு ரெண்டுக்கும் துண்டு ஃபிலிம் கேளுங்க, நூல் பை ஏத்தறவங்களுக்கு அது ரொம்ப உதவும். இதெல்லாம் சேத்தாலும் முழு வண்டிக்குக் கேக்கறதுல பாதிக்குள்ள முடியோணும்.

"பம்பர் போனா பெயின்ட் அடிச்சுக்கலாமே"ன்னு உங்கப்பா கேப்பாரு. நியாயமான கேள்விதான். பம்பர் பிளாஸ்டிக், அதுக்கு பெயின்ட் அடிச்சா ஒரு பயலும் கேக்கமாட்டான். பானெட்தான் வேற. விக்கறப்ப யாவாரி கைல தடிமன் அளக்கற மீட்டரைக் கொண்டாந்து வெப்பான், 250 மைக்ரான்னு காட்டுச்சுன்னா மறுபடி பெயின்ட் அடிச்சது தெரிஞ்சுரும், வண்டி இடிச்ச வண்டிதானேம்பான், இல்லீங்க கல்லு பட்டதுக்கு அடிச்சதுன்னு நாம கத்தினாலும் விலைய கொறைச்சுட்டுத்தான் போவான். அதுக்காக ஃபிலிம் ஒட்டின வண்டிக்கு கூட ஒரு லட்சம் தருவானான்னா, அதுவும் தரமாட்டான்!

ஒட்டறதுன்னு முடிவாயிட்டா டெலிவரி அவசரத்துல ஷோரூம்லயே ஒட்ட விடாதீங்க. நல்ல நாள் பாத்து பூஜை வெச்சுருப்பீங்க, ஒரம்பரையெல்லாம் வந்து நிப்பாங்க, அவன் ராத்திரியோட ராத்திரியா ஒட்டி உள்ள தூசியும் தண்ணிக் குமிழியுமா குடுப்பான். முழு வண்டிக்கு ஒழுங்கா ஒட்ட ரெண்டு மூணு நாளு வேணும். வண்டிய எடுத்து பகல் வெளிச்சத்துல பெயின்ட்டை நல்லா பாத்துட்டு, அப்பறம் தனியா ஒட்டற கடைக்கு போங்க. மாடலுக்கு ஏத்த மாதிரி பிளாட்டர் மெஷின்ல முன்னாலயே வெட்டி ஒட்டறாங்களா, இல்ல வண்டி மேல போட்டு பிளேடுல வெட்டறாங்களான்னு கேளுங்க. இதை நான் பட்டு சொல்றேன். என் முந்தின வண்டிக்கு ஒரு கடைல ஒட்டினது அஞ்சு வருசம் நல்லாத்தான் இருந்துச்சு, உரிச்சு எடுத்தப்பத்தான் பாத்தேன், ஹெட்லைட்டை ஒட்டி பானெட் விளிம்பு நெடுக முடி மாதிரி ஒரு கோடு, நகத்தை வெச்சா மாட்டுது. பிளேடு ஃபிலிமோட நிக்காம பெயின்ட்டையும் வெட்டிருக்கு. காப்பாத்தறதுக்குன்னு காசு குடுத்து நாமளே கீறி வெச்ச கதை.

இன்னொண்ணு, டிபியூ (மேல சொன்ன பாலியூரித்தேன் வகை) ஃபிலிம்தானான்னு பாருங்க. பிவிசிய பளபளன்னு காட்டி வேற பேருல வெலை கம்மியா ஒட்டறவங்க இருக்காங்க, அது சீக்கிரம் மஞ்சளாயிரும், வெறைச்சு போயிரும். 3எம், எக்ஸ்பெல், நம்ம நாட்டு கார்வேர் எதுவா இருந்தாலும் ரோல் நம்பரை பில்லுல எழுதி வாங்குங்க, வாரன்டி அவங்க பேருல வருதா கடை பேருல வருதான்னு படிங்க. கடைல துண்டு ஃபிலிம் மேல பித்தளை பிரஷ்ஷால கீறி, சுடுதண்ணி ஊத்தி கோடு மறையறதைக் காட்டுவாங்க. நெசம்தான், மெல்லிசான கீறல் சூட்டுல மறையும், நம்ம மத்தியான வெயிலே போதும். ஆனா ஃபிலிம் கிழிஞ்சுட்டா சுடுதண்ணி ஊத்தினாலும் ஒண்ணு சேராது, அந்த பேனலை உரிச்சு புதுசாத்தான் ஒட்டோணும்.

கேள்வி: கோபி பக்கம் டீச்சரா இருக்கறேனுங்க. சின்ன கார், ஸ்கூலுக்கு ஆறு கிலோமீட்டர், வாய்க்கா மேட்டு ரோடு. செராமிக்கா, பிபிஎஃப்பா?

பதில்: ரெண்டும் வேண்டாமுங்க அம்மணி. நாப்பதுல போற வண்டிக்கு எந்தக் கல்லு வந்து அடிக்கப் போகுது. உங்க வண்டிக்கு எதிரி கழுவற தம்பிதான், காஞ்ச தூசிய ஈரத்துணியால வட்டம் வட்டமா தேச்சு விடறாப்ல பாருங்க, வெயில்ல நிறுத்திப் பாத்தா செலந்தி வலை மாதிரி கோடா தெரியறது அதுதான். மொதல்ல தண்ணிய நல்லா அடிச்சு மண்ணை எறக்கிட்டு, அப்பறம் ஷாம்பு போட்டு மைக்ரோஃபைபர் துணில மேல இருந்து கீழ தொடைக்கச் சொல்லுங்க. போர் தண்ணின்னா வெயில்ல காய விடாதீங்க, உப்பு வட்டம் புடிச்சு அப்பறம் போகவே போகாது. வருசத்துக்கு ரெண்டு மூணு தடவ நல்ல வேக்ஸ் போதும்.

கேள்வி: தாராபுரம் பக்கம் தோட்டத்து வீடுங்க. மயிலு வந்து கார் கதவுல தன் நெழலைப் பாத்துட்டு கொத்துது, கால்ல கீறுது. கவர் போட்டும் பாத்தேன், கவர் போட்டதுக்கு அப்பறம்தான் பெயின்ட் இன்னும் மங்குன மாதிரி இருக்குது. ஃபிலிம் ஒட்டினா தாங்குமா?

பதில்: இந்தக் கேள்வி காங்கயம், வெள்ளகோயில் பக்கத்துல இருந்தும் வருது, மயிலு பெருகிப் போச்சு. அது கண்ணாடி மாதிரி மின்னற கதவுல இன்னொரு ஆண்மயில் நிக்குதுன்னு நெனச்சுத்தான் சண்டைக்கு வருது, அதனால கருப்பு, கருநீலம் வண்டிக்குத்தான் அடி ஜாஸ்தி. ஃபிலிம் நகக் கீறலை ஓரளவு தாங்கும், மூக்கால திரும்பத் திரும்ப ஒரே எடத்துல கொத்தினா ஓட்டை விழுந்துரும். அதுவுமில்லாம ஃபிலிம் ஒட்டினா கதவு இன்னும் பளபளக்கும், மயிலுக்கு இன்னும் தெளிவா தெரியும்! மேட் ஃபினிஷ் ஃபிலிம்னு ஒண்ணு இருக்குது, நெழல் தெரியாது, ஆனா மயிலுக்காக வண்டி கலரையே மாத்தறதான்னு நீங்கதான் யோசிக்கோணும்.

கவர் விசயம் நீங்க பாத்தது சரிதான். ஆடிக்காத்து உங்கூர்ப் பக்கம் எப்படி அடிக்கும்னு சொல்லத் தேவையில்ல, காத்தாடியெல்லாம் அங்கதானே நிக்குது. தூசி உக்காந்த வண்டி மேல கவரைப் போட்டா ராவெல்லாம் அது படபடன்னு அடிச்சு உப்புத்தாள் போட்ட மாதிரி தேச்சுரும். நானா இருந்தா ஃபிலிமுக்கு வெச்ச காசுல மூணு பக்கம் மறைச்சு ஷீட் போட்டு ஒரு கொட்டாய் எறக்கிருவேன். மயிலை வெரட்ட கல்லு கில்லு எடுத்துறாதீங்க, வனவிலங்கு பாதுகாப்புச் சட்டத்துல மொத அட்டவணைல இருக்கற பறவை அது.

கேள்வி: பழைய வண்டி வாங்கினேன், ஒட்டியிருந்த ஃபிலிம் மஞ்சளாயிருச்சு. நானே உரிக்கலாமா? (பொள்ளாச்சி)

பதில்: மஞ்சளானது பசையும் இறுகியிருக்கும், சும்மா இழுத்தா துண்டு துண்டா வரும். சூடு காட்டி, மேல பாத்து இழுக்காம பெயின்ட்டை ஒட்டினாப்பல படுக்க வெச்சு மெதுவா இழுக்கோணும். முன்னாடி டிங்கரிங் பண்ணி பெயின்ட் அடிச்ச பேனலா இருந்தா ஃபிலிமோட பெயின்ட்டும் கையோட வந்துரும், அதனால மீட்டர் வெச்சு அளந்து பாத்துட்டு, தெரிஞ்ச கடைல குடுத்துருங்க.

கேள்வி: வெள்ளை வண்டி, முழுசா ஃபிலிம் ஒட்டியாச்சு. கோயில்ல பூஜை போட்டப்ப பானெட்ல மஞ்சளும் குங்குமமும் கொழச்சு ஸ்வஸ்திக் போட்டு விட்டாங்க. ரெண்டு வாரம் ஆச்சு, கறை போகமாட்டேங்குது. (திருப்பூர்)

பதில்: மஞ்சளுக்கு வெசனப்படாதீங்க, வெயில்ல நிறுத்துங்க, நாளாக நாளாக வெளுத்துரும். குங்குமச் சாயம்தான் ஃபிலிமுக்குள்ள ஊறிட்டா செவப்பு நெழலா நின்னுக்கும். சோப்புத்தண்ணிக்கு போகலேன்னா ஒட்டின கடைலயே காட்டுங்க, தின்னர் கின்னர் எதையும் ஊத்தித் தேச்சுறாதீங்க, மேல்கோட்டே போயிரும். அடுத்த ஆயுத பூஜைக்கு முன்கண்ணாடில வெக்கச் சொல்லுங்க. எங்கம்மா அப்படித்தான் வெப்பாங்க, பொழுதோட வைப்பரைப் போட்டா போயிரும்.