பாயைக் கட்டிவிட்டுக் காற்றைக் குறை சொல்லலாமா?

இந்த மாதமும் வாசகர் கேள்விகளுக்குத் திருகோணமலையிலிருந்து பதில். முப்பது வருடம் தையல் மெஷினோடும், அதில் பாதிக் காலம் ஆடைக் காட்சிகளின் மேடைக்குப் பின்னாலும் கழித்தவள் என்பதுதான் எனக்குள்ள தகுதி.

கேள்வி: உயர்தரத்தில் கலைப்பிரிவு படித்தேன். கொழும்பில் ஒரு தனியார் கல்லூரியில் ஆடை விளம்பரமும் நிகழ்ச்சி ஒழுங்கமைப்பும் சேர்ந்த டிப்ளோமா படிக்க ஆசை. "பந்தல் போடவும் ஒரு படிப்பா?" என்கிறார் அப்பா. என்ன பதில் சொல்ல?
(வாசகி, மூதூர்)

பதில்: அப்பாவோடு சண்டை பிடிக்காதீர்கள், தங்கச்சி. பந்தலும் அதில் ஒரு பாடம்தான். ஆனால் முதலில் நீங்களே ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். உடுப்பை உருவாக்கப் படிப்பது வேறு. அதற்கு மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தில் பட்டப்படிப்பே இருக்கிறது, உளச்சார்புப் பரீட்சை எழுதிப் போகவேண்டும். நீங்கள் கேட்பது, உருவான உடுப்பை ஊரறியச் செய்கிற வேலை. பத்திரிகைக்குச் செய்தி எழுதுவது, படப்பிடிப்புக்கு எதோடு எதை உடுத்துவது என்று பொருத்துவது, கடைக் கண்ணாடிக்குள் பொம்மையை நிறுத்துவது, ஸ்பொன்சர் பிடிப்பது, கடைசியில் காட்சி நடத்துவது எல்லாம் இதற்குள் வரும்.

அப்பாவுக்கு எலினோர் லம்பெர்ட்டின் கதையைச் சொல்லுங்கள். அமெரிக்காக்காரி, உடுப்புத் தைத்துப் பேர் எடுத்தவர் இல்லை, விளம்பரக்காரி. இரண்டாம் உலகப் போரில் பாரிஸ் ஜேர்மனியர் கையில் கிடந்தது. அங்கே போய்ப் புதுப் பாணி பார்த்து எழுதிவந்த அமெரிக்கப் பத்திரிகைக்காரருக்குப் போக வழி இல்லை. லம்பெர்ட் 1943இல் அவர்களை நியூயோர்க்குக்கு அழைத்து, உள்ளூர் ஆட்கள் செய்த உடுப்புகளைக் காட்டினார். 'பிரஸ் வீக்' என்று பேர். இன்றைய நியூயோர்க் பேஷன் வீக் அதிலிருந்து வளர்ந்ததுதான். 1948இல் மெட் காலா விருந்தைத் தொடக்கிவைத்தவரும் அவரே, நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் அருங்காட்சியகத்தின் ஆடைப் பிரிவுக்குக் காசு சேர்க்க. இங்கே கொழும்பிலும் 2003 முதல் பேஷன் வீக் நடக்கிறது. மேடைக்குப் பின்னால் நிற்கிற சனம் முன்னால் நடக்கிறவர்களைவிட எப்போதும் அதிகம். அந்த இடங்களுக்குத்தான் ஆள் தேவை.

கல்லூரியில் காசு கட்டமுன் இரண்டு விஷயம் கேளுங்கள். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவில் பதிந்த இடமா, பாடநெறிக்கு என்.வி.கியூ. (தேசிய தொழில் தகைமை) மட்டம் உண்டா? டிப்ளோமா என்றால் 5 அல்லது 6ஆக இருக்கவேண்டும். அப்புறம், மாணவர்கள் தாங்களே ஒரு காட்சி நடத்துகிறார்களா, அதன் வரவுசெலவு யார் கையில்? "சேர் பார்த்துக்கொள்வார்" என்று பதில் வந்தால் யோசியுங்கள். ஆறு மாதம் படித்து வாங்கிய ஒரு சான்றிதழ் என் வீட்டுச் சுவரிலும் தொங்குகிறது. அதற்குச் சட்டகம் போட்ட செலவு மட்டும்தான் வீண்போகவில்லை, கண்ணாடி நல்லது.

கேள்வி: டிப்ளோமா முடிவுக்கு எங்கள் குழு ஒரு ஆடைக் காட்சி நடத்தவேண்டும். 30 உடுப்பு, 10 மொடல்கள். யூலை மாதப் பின்னேரம் ஒன்றில் உப்புவெளிக் கடற்கரையில் வைக்க யோசனை. எதைக் கவனிக்கவேண்டும்?
(மாணவி, திருகோணமலை நகர்)

பதில்: கடற்கரையை விடுங்கள், முதலில் கடதாசியும் பேனையும் எடுங்கள். ஒருத்தி நடந்து திரும்ப 35 செக்கன் என்று வைப்போம். முதலில் போனவள் பதினோராவது ஆளாக மறுபடி வரவேண்டும். நடுவில் ஒன்பது பேர் நடக்கிறார்கள், அதாவது ஐந்தே கால் நிமிடம். அதற்குள் சாறியைக் களைந்து இன்னொரு சாறி உடுத்த முடியுமா? என் தங்கச்சி அந்த நேரத்தில் கொசுவமே பிடித்து முடிக்கமாட்டாள். ஆகவே சாறிகள் எல்லாம் முதல் சுற்றில். அதை ஆறுதலாக, காட்சிக்கு முன்பே உடுத்திவிடலாம். இரண்டாம் சுற்றுக்குச் சுரிதார், மூன்றாவதற்குத் தலைவழியே போடுகிற கவுண். காட்சி முழுக்கப் பதினேழரை நிமிடம், அது போதும்.

ஒவ்வொரு ஹேங்கரிலும் ஒரு மட்டை கட்டுங்கள். சுற்று இலக்கம், மொடலின் பேர், செருப்பு அளவு, தோடு, பூ, எல்லாம் அதில். மட்டையின் பின்பக்கம் உடுப்பை முழுதாக உடுத்தி எடுத்த படம். சிறு நகைகளை ஒரு பொலித்தீன் பையில் போட்டு அதே ஹேங்கரில் கொளுவிவிடுங்கள். இருட்டில், அவசரத்தில், "என்ர மற்றத் தோடு எங்க?" என்று ஒருத்தி அழுவதைக் கேட்டவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

இனிக் காற்று. யூலையில் தரையிலிருந்து கடலுக்குக் கச்சான் காற்று அடிக்கும் என்று பிறந்த நாளிலிருந்து தெரிந்த நானே ஒருமுறை மறந்தேன். கடலைப் பின்னால் வைத்து, பத்தடி உயரத்துக்கு அச்சடித்த துணித் திரை கட்டினோம். தரைப்பக்கத்துக் காற்று திரையில் நேராக விழுந்தது. நாலு மணிக்கு ஒரு கம்பு சரிந்தது, ஐந்து மணிக்குத் திரை கடலைப் பார்த்துப் படுத்துவிட்டது. வலை தைத்துக்கொண்டிருந்த ஒரு ஐயா எழும்பிவந்து பார்த்தார். "பாயைக் கட்டிப்போட்டு காத்துப் பிடிக்கக்கூடாதெண்டா எப்படிப் பிள்ளை?" என்றார். அன்று திரை இல்லாமலே நடத்தினோம். கடல்தான் பின்னணி. உண்மையைச் சொன்னால் அதுதான் நன்றாக இருந்தது. சாறித்தலைப்புகளை மட்டும் ஊசி குத்தி இடுப்போடு சேர்த்துவிடுங்கள்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை நம் கரைக்கு ஒரு வசதி. சூரியன் சனத்தின் முதுகுப்பக்கம் இறங்குகிறது, கடைசி வெயில் மொடலின் முகத்தில் விழும். யூலையில் ஆறரை மணியளவில் மறைந்துவிடும், அதற்குமுன் படம் எடுத்து முடியுங்கள். ஒலிபெருக்கிக்குப் பொலிஸ் அனுமதி வேண்டும். கரைக்கு யார் அனுமதி தரவேண்டுமென்று பிரதேச செயலகத்தில் கேளுங்கள். போயா நாளில் வராமல் திகதியைப் பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது, இதை எந்த வகுப்பிலும் எனக்குச் சொல்லித்தரவில்லை. திரை விழுந்த அன்று இருநூறு கதிரையும் நிறைந்து கைதட்டல் விழுந்தது. அடுத்த கிழமை கடைக்கு வந்தவர்கள் நாலு பேர். அதில் ஒருவர் கதிரை வாடகை கேட்டு வந்தவர். உடுப்பு யார் தைத்தது, என்ன விலை, எங்கே கிடைக்கும் என்று எங்கும் நாங்கள் எழுதியிருக்கவில்லை! கதிரைக்கு ஒன்றாக ஒரு தாள் வையுங்கள், காட்சியில் வருகிற அதே இலக்கத்தோடு விலையும் தொலைபேசி எண்ணும் போட்டு. வந்தவர்களின் எண்களை வாசலிலேயே கேட்டு எழுதி, அன்றிரவே படங்களை அனுப்பிவிடுங்கள். மறுநாள் என்றால் ஆறிப்போன தேத்தண்ணி.

கேள்வி: கிண்ணியாவில் அபாயா தைத்து விற்கிறேன். பெண்களை மேடையேற்ற எனக்கும் விருப்பமில்லை, வீட்டிலும் விடமாட்டார்கள். விளம்பரத்துக்கு வேறு வழி உண்டா?
(வாசகி, கிண்ணியா)

பதில்: தாராளமாக. அபாயா வாங்குகிறவர் கேட்பது துணிக்குள் வேர்க்குமா, கறுப்பு வெளுக்குமா, கைவேலை உதிருமா என்பதுதான். கையோரத்து வேலைப்பாட்டைக் கிட்டத்தில் படமெடுங்கள். துணியைக் கையில் கசக்கி விடுகிற பத்துச் செக்கன் வீடியோ போடுங்கள். உயரத்துக்கு ஏற்ற அளவுகளை அங்குலத்தில் எழுதுங்கள். நேரில் காட்ட வேண்டுமென்றால் நோன்புப் பெருநாளுக்கு ஒரு மாதம் முன்பு, பெண்களுக்கு மட்டும், வீட்டு விறாந்தையில் ஒரு பின்னேரம். வாசலில் ஒரு கூடை வைத்துப் போன்களை வாங்கிவிடுங்கள். நாலைந்து அளவில் மாதிரி தொங்கவிட்டு, வந்தவர்களே போட்டுப் பார்க்கட்டும். ஆளுயரக் கண்ணாடி ஒன்று போதாது, இரண்டாவதை இரவல் வாங்கியாவது வையுங்கள்.