ஆபீஸ் போய்வர இரண்டு டன் கார் எதற்கு?

தம்பி, ஸ்டுட்கார்ட் வந்து மூன்று மாதம் ஆகிறது என்கிறீர்கள். ஆபீஸ் பார்க்கிங் முழுக்க மெர்சிடிஸ் இ கிளாஸும் பிஎம்டபிள்யூ 5 சீரிஸுமாக நிற்கிறதே, வேலைக்கு வந்துபோக இவ்வளவு பெரிய கார் எதற்கு, பந்தாவா, பழையது மலிவாகக் கிடைத்தால் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

பந்தா என்றுதான் நானும் நினைத்திருந்தேன். முதல் வருடம் ஒரு நவம்பர் மாலை, என் சின்னக் காரில் ஏ8 ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் விரைவு நெடுஞ்சாலையில், மியூனிக் போனேன். உல்ம் நகரம் தாண்டியதும் நல்ல மழை. முன்னால் லாரி, அதற்கு மணிக்கு 80 கிலோமீட்டருக்கு மேல் அனுமதி கிடையாது. அதன் சக்கரம் வாரி இறைத்த தண்ணீரில் எதுவும் தெரியவில்லை. விலகி முந்தலாம் என்றால், கண்ணாடியில் தூரத்தில் தெரிந்த விளக்கு நான் வேகம் எடுப்பதற்குள் முதுகில் வந்து நிற்கும். வீடு சேர்ந்தபோது தோள் இரண்டும் இறுகிக் கிடந்தன.

அப்புறம் ஒரு நாள் அதே சாலை, அதே மாதிரி மழை, நண்பருடைய இ கிளாஸில். லேசாக மிதித்தார், 80லிருந்து 130க்கு வந்து லாரியைத் தாண்டிவிட்டோம். குரலை உயர்த்தாமல் பேசிக்கொண்டே போனோம். சக்தி வாங்குவது 250ல் பறக்க மட்டும் இல்லை, அந்தச் சின்ன இடைவெளியில் பயமில்லாமல் நுழையவும்தான் என்று அன்றைக்குப் புரிந்தது. எடையை யாரும் ஆசைப்பட்டு வாங்குவதில்லை. சத்தத்தை அடைக்கும் தடித்த கண்ணாடி, பெரிய பிரேக், நீளமான உடல் எல்லாம் சேர்ந்தால் எடை தானாக ஏறிவிடுகிறது.

இன்னொன்று, உங்கள் ஆபீஸ் பார்க்கிங்கில் நிற்பதில் பல கார்கள் கம்பெனி கொடுத்தவை. பெட்ரோல், டீசல் கார் என்றால் புதுக் காரின் பட்டியல் விலையில் 1 சதவீதத்தை மாதாமாதம் வருமானத்தோடு சேர்த்து வரி போடுவார்கள். 70,000 யூரோ காருக்கு 700 யூரோ. வீட்டுக்கும் ஆபீசுக்கும் உள்ள தூரத்துக்குத் தனியாகக் கொஞ்சம். சொந்தக் காசில் வாங்கி ஓட்டுவதை விட அவர்களுக்கு இது லாபம்.

பழையது வேண்டாம் தம்பி. காரின் விலைதான் இறங்கியிருக்கும். டயர், பிரேக், ஏர் சஸ்பென்ஷன் எல்லாம் புதுக் காருக்கு ஆகிற செலவுதான். ஊருக்குள் மட்டும் போய்வர அது தேவையே இல்லை, ரயில் போதும்.

வேக வரம்பு இல்லாத இடத்திலும் 130தான் பரிந்துரை. அதைத் தாண்டிப் போய் விபத்து நடந்தால், தப்பு உங்கள் மேல் இல்லாவிட்டாலும் பொறுப்பில் ஒரு பங்கு உங்கள் தலையில் விழலாம்.

சரி, காரை விடுங்கள். நம்ம ஊர் லைசென்ஸ் இங்கே குடியேறி ஆறு மாதம் வரைதான் செல்லும். பிறகு எழுத்துத் தேர்வு, ஓட்டும் தேர்வு இரண்டும் எழுதி ஜெர்மன் லைசென்ஸ் எடுக்க வேண்டும். உங்களுக்கு மீதி மூன்று மாதம்தான். இந்த வாரமே விண்ணப்பம் போடுங்கள்.