வேலையைப் பிள்ளையிடம் விடுங்கள்

கேள்வி: மகள் ஏழாம் வகுப்பு. இன்றைய படிப்புக்குப் பத்து வருஷம் கழித்து வேலை கிடைக்குமா என்றே தெரியவில்லை. அபாகஸ், கோடிங் வகுப்புகளுக்கு அனுப்புகிறோம். இன்னும் எதில் சேர்க்கலாம்?
- வாசகி, மார்த்தாண்டம்

எதிலும் சேர்க்க வேண்டாம். வீட்டு வேலை ஒன்றை முழுசாக அவள் பொறுப்பில் விடுங்கள். சனிக்கிழமை காலை மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு, அவிப்பது அவளுடையது என்று வையுங்கள். சந்தையில் வாங்குவது முதல் பானை கழுவுவது வரை. கிழங்கை ஒடித்துப் பார்த்து, உள்ளே நீலக்கோடு ஓடியிருந்தால் வேண்டாம் என்று கடைக்காரரிடம் அவளே சொல்லட்டும். பறித்து இரண்டு மூன்று நாளிலேயே அந்தக் கோடு விழுந்துவிடும். வெளித்தோலோடு உள்ளேயிருக்கும் தடித்த வெள்ளைத் தோலையும் உரிக்க வேண்டும். சிறு துண்டாக நறுக்கி, மூழ்குகிற அளவுக்கு மேலாகவே தண்ணீர் விட்டு, மூடாமல் வேகவைத்து, அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்ட வேண்டும். கிழங்கில் சயனைடாக மாறும் பொருள் உண்டு, அது தோலில்தான் அதிகம். தண்ணீரோடும் ஆவியோடும் பெரும்பகுதி போய்விடும். இந்தக் காரணம் தெரிந்த பிள்ளை, யாரும் பார்க்காவிட்டாலும் தண்ணீரை வடிப்பாள்.

பெரும்பாலான வீடுகளில் இது கெடுவது ஒரே இடத்தில்தான்: "தா மக்களே, நேரமாச்சு" என்று பாதியில் கத்தியை வாங்கிவிடுகிறோம். வாங்காதீர்கள். கிழங்கு குழைந்து போனால் குழைந்ததையே எல்லாரும் சாப்பிடுங்கள். அடுத்த வாரம் எப்போது இறக்குவது என்று அவளே கவனிப்பாள்.

கேள்வி: குளச்சல் பக்கம் எங்கள் ஊர். ஒக்கி புயல் மாதிரி இன்னொன்று வந்தால் என்ன செய்வது என்று பயம். மகனுக்கு ஒன்பது வயது, நீச்சல் தெரியும். அது போதுமா?
- வாசகர்

போதாது. நீச்சல் தெரிந்த பையன்தான் மூழ்குகிறவனைக் காப்பாற்றக் குதிக்கிறான். மூழ்குகிறவன் அவன் கழுத்தைப் பிடித்து இருவரையும் உள்ளே இழுத்துவிடுவான். குதிக்காமல் காப்பாற்றச் சொல்லிக் கொடுங்கள். ஐந்து லிட்டர் கேனில் இரண்டு விரல் அளவு தண்ணீர் விட்டு, மூடியை இறுக்கி, கைப்பிடியில் கயிறு கட்டுங்கள். வெறும் கேன் காற்றில் திரும்பிவிடும். அந்தக் கொஞ்சம் தண்ணீர்தான் அதைத் தூரம் கொண்டுபோகும். ஆளைத் தாண்டி எறிந்து, அவர் கைக்கு வரும்படி இழுக்க வேண்டும். கயிற்றின் மறுமுனையை மணிக்கட்டில் சுற்றவே கூடாது, அவனும் தண்ணீருக்குள் போய்விடுவான். முதலில் பெரியவர்களைக் கூப்பிட்டுக் கத்த வேண்டும், பிறகுதான் கேன். குளக்கரையில், நீங்கள் பக்கத்தில் நின்று, கை பழகும்வரை எறியச் சொல்லுங்கள்.

2017 நவம்பர் 30-ல் ஒக்கி அடித்தபின் பல ஊர்களில் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. போன் அணைந்தால் அதிலுள்ள நம்பரும் போயிற்று. உங்கள் நம்பரும், வெளியூரிலிருக்கும் சித்தப்பாவோ மாமாவோ ஒருவரின் நம்பரும் அவனுக்கு மனப்பாடமாக இருக்கட்டும். அவசரத்துக்கு 112.

கேள்வி: பத்தாவது படிக்கும் மகனுக்குப் பணத்தின் அருமை தெரியவில்லை.
- வாசகி, தக்கலை

ஞாயிறுதோறும் ஒரு தொகையை ரொக்கமாகக் கொடுங்கள். பஸ், தின்பண்டம், பேனா எல்லாம் அதற்குள். புதன்கிழமையே தீர்ந்தால் அடுத்த ஞாயிறு வரை கொடுக்காதீர்கள். பள்ளிக்குப் போகும் பஸ் காசு மட்டும் கொடுங்கள், அதையும் அடுத்த வாரத் தொகையில் கழித்துக்கொள்ளுங்கள்.